டூரிங் பைக்கில் ஏர் ஹாரன்: வாங்குவது முதல் ஒயரிங் வரை

வட சென்னையில் எண்ணூர் விரைவுச் சாலையிலோ மாதவரம் ரவுண்டானாவிலோ 40 அடி கன்டெய்னர் ட்ரெய்லரை ஒட்டி பைக் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: கம்பெனி மாட்டிக் கொடுக்கும் ஹாரன் அந்த டிரைவரின் காதுக்குப் போய்ச் சேருவதில்லை. கேபினில் கண்ணாடி ஏற்றியிருக்கும், ஃபேன் சுற்றும், பாட்டு ஓடும், என்ஜின் காலடியிலேயே உறுமும். நாம் அடிக்கும் ஒற்றை டிஸ்க் ஹாரன் அதற்குள் கரைந்துவிடும். செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் நெல்லூர் பக்கம் போனால் வேகமும் காற்றும் சேர்ந்துகொள்ளும்; நிலைமை இன்னும் மோசம்.

அதனால் டூரிங் வண்டி எடுத்தவர்கள் சீக்கிரமே கைவைக்கும் சாமான்களில் ஹாரனும் ஒன்று. பெரும்பாலானோர் செய்வது இதுதான்: கடையில் ஒரு காம்பாக்ட் ஏர் ஹாரன் வாங்குவார்கள், பழைய ஹாரனின் இரண்டு ஒயரையும் பிடுங்கி இதில் செருகுவார்கள், சத்தம் வந்ததும் கிளம்பிவிடுவார்கள். சில நாளில் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் ஹாரன் பட்டன் உள்ளே கருகும். பழி ஹாரன் மேல் விழும். இந்த வேலையில் ஹாரன் கால் பங்குதான், முக்கால் பங்கு ஒயரிங். இங்கேயும் அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறோம்.

முதலில் சட்டம்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 119-ஆவது விதி ஹாரனைப் பற்றியது. ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு சுரங்களை எழுப்பும் ஹாரன் கூடாது; அளவுக்கு மீறிக் கரகரப்பாகவோ, கீச்சென்றோ, திடுக்கிட வைக்கும்படியோ ஒலிக்கும் எந்தக் கருவியும் கூடாது. குழந்தை அழுகிற ஹாரன், நாய் குரைக்கிற ஹாரன், சைரன் எல்லாம் இதில் அடிபட்டுப் போகும். தாழ்ந்த சுரமும் உயர்ந்த சுரமும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் இரட்டை ஹாரன் ‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்பதில் வராது. டூரிங் வண்டிகளின் அளவில் இருக்கும் பைக்குகளுக்கு, வண்டியில் மாட்டிய நிலையில் 7 மீட்டர் தூரத்தில் அளந்தால் 93 முதல் 112 டெசிபல் வரை என்பது தர அளவு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவு தனி: தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்தடுத்து 2,000. ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளிலும், அமைதி மண்டலங்களில் எப்போதும், அவசரத்துக்குத் தவிர ஹாரன் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். ஸ்டான்லி மருத்துவமனையும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் நம் தினசரி வழியிலேயே இருப்பதை நினைவில் வையுங்கள்.

போக்குவரத்துத் துறையும் போலீஸும் அவ்வப்போது ஏர் ஹாரனைப் பிடுங்கும் சோதனை நடத்துவார்கள். குறி பெரும்பாலும் பஸ், லாரிகளில் காற்றுத் தொட்டியோடு ஓடும் பிரஷர் ஹாரன்தான். ஆனால் சாலையில் நிற்கும் அதிகாரிக்கு உங்கள் வண்டியில் இருப்பதும் ஏர் ஹாரன்தான். ‘அளவுக்கு மீறிய சத்தம்’ என்பதை அங்கே தீர்மானிப்பவரும் அவரே. இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

எதை வாங்குவது

சந்தையில் மூன்று வகை பார்ப்பீர்கள்.

முதலாவது, இரட்டை விண்ட்டோன் ஹாரன்: நத்தை ஓடு மாதிரி சுருண்ட குழல், உள்ளே மின்காந்தத்தால் அதிரும் தகடு. கோயம்புத்தூர் ரூட்ஸ் தயாரிப்பு எல்லா ஊரிலும் கிடைக்கும். ஒரு ஹாரன் சுமார் 5 ஆம்பியர் எடுக்கும், ஜோடிக்கு 10. மோட்டார் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது, மழைக்கும் புழுதிக்கும் தாங்கும்.

இரண்டாவது, காம்பாக்ட் ஏர் ஹாரன். சின்ன மின்மோட்டார், அதன் கீழே காற்றுப் பம்ப், அதிலிருந்து நேராக இரண்டு குழல், எல்லாம் ஒரே கூட்டுக்குள். இத்தாலியின் ஸ்டெபெல் நாட்டிலஸ் இதில் பெயர் பெற்றது; டெனாலி சவுண்ட்பாம் இன்னொன்று. பட்டனை அழுத்தியதும் மோட்டார் 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். கம்பெனி ஹாரன் எடுப்பது 2, 3 ஆம்பியர்தான். இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள், பின்னால் வரும் எல்லாத் தொல்லையும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

மூன்றாவது, கம்ப்ரஸர் தனி, நீளக் குழல்கள் தனி, நடுவே ரப்பர் டியூப். காருக்கானது. பைக்கில் இடம் இல்லை. டியூப் நீளமானால் அழுத்தியதற்கும் ஒலிப்பதற்கும் நடுவே ஒரு தயக்கமும் வரும். விட்டுவிடுங்கள்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஊருக்குள்ளேயே முக்கால்வாசி ஓட்டம் என்றால் விண்ட்டோன் ஜோடி தாராளமாகப் போதும். வாரக் கடைசியில் சூலூர்பேட்டை, நெல்லூர், அதற்கு மேலும் ஹைவேயில் போகிறவர்களுக்கு மட்டும் காம்பாக்ட் ஏர் ஹாரன் அந்தச் செலவுக்கும் வேலைக்கும் தகும். கீழே உள்ள ஒயரிங் இரண்டுக்கும் பொருந்தும், ஃபியூஸ் அளவு மட்டும் மாறும்.

பெட்டியில் போட்டிருக்கும் டெசிபலைப் பார்த்து ஏமாறாதீர்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். குழல் வாயிலிருந்து 10 சென்டிமீட்டரில் 139 என்று அளந்தது, 7 மீட்டருக்குப் போனால் கணக்குப்படி 37 டெசிபல் குறைந்து 102-இல் நிற்கும். எந்தத் தூரத்தில் அளந்தது என்று போடாத எண்ணுக்கு மதிப்பில்லை. ‘300 டிபி’ என்று அச்சடித்த பெட்டிகளும் கடைகளில் தொங்குகின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒலி அலை 194 டெசிபலைத் தாண்டினால் அது ஒலி அலையாகவே இருக்காது. அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம்.

டெசிபலைவிடச் சுரம் முக்கியம். கண்ணாடி ஏற்றிய கேபின் உயர்ந்த அதிர்வெண்ணை அதிகம் தடுக்கும், தாழ்ந்ததைக் கொஞ்சம் உள்ளே விடும். கீச்சென்ற ஒற்றை ஹாரனைவிட 500, 700 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு சுரம் சேர்ந்து வருவது ட்ரெய்லருக்குள் நன்றாகக் கேட்பது அதனால்தான். விண்ட்டோன் வாங்கும்போது இரண்டும் ஒரே சுரமாக வந்துவிடாமல், ஒன்று ‘ஹை’, ஒன்று ‘லோ’ என்று பார்த்து வாங்குங்கள்.

காம்பாக்ட் ஹாரனில் போலி நிறைய. வெளிக்கூடு அச்சு அசலாக இருக்கும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும், கூடவே வரும் ரிலேயில் (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) ஆம்பியர் அச்சு இருக்காது, முனைத் தகடு விரலால் அசைத்தாலே ஆடும். கடையிலேயே பேட்டரியில் வைத்து அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மோட்டார் இழுவையாகத் தொடங்கி மெல்ல ஏறினால் வேண்டாம். அழுத்திய கணமே முழுச் சத்தம் வர வேண்டும்.

சாமான் பட்டியல்

புதுப்பேட்டையில் ஹாரனும் பிராக்கெட்டும் கிடைக்கும். ஒயர், லக் (ஒயர் முனையில் மாட்டும் தகடு), ஸ்லீவ் எல்லாம் பாரிமுனை பக்கத்து எலக்ட்ரிகல் கடைகளில் மலிவு.

ரிலே: 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர், நான்கு கால், சாக்கெட்டோடு. எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிக்கு உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த ரிலே கேட்டு வாங்குங்கள். ரிலேக்குள் இருக்கும் காயில் (மின்காந்தச் சுருள்) அணையும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலை அது அடக்கும்; வண்டியின் எலக்ட்ரானிக்ஸுக்கு நல்லது. கிட்டில் இலவசமாக வந்ததை நம்பாதீர்கள். நல்ல ரிலே ஒரு பிரியாணி விலைதான்.

ஒயர்: மெயின் லைனுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். பல இழை கொண்ட ஆட்டோ ஒயர், சிவப்பு 2 மீட்டர், கறுப்பு 2 மீட்டர். ரிலே காயிலுக்கு 0.75 ஸ்கொயர் எம்.எம். 3 மீட்டர். வீட்டு ஒயரிங்குக்கான ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், அதிர்வில் உள்ளுக்குள்ளேயே ஒடியும்.

ஃபியூஸ்: தண்ணீர் புகாத பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று. காம்பாக்ட் ஏர் ஹாரனுக்கு 20 ஆம்பியர் (மஞ்சள்), விண்ட்டோன் ஜோடிக்கு 15 (நீலம்). உதிரி இரண்டு. ஹாரனோடு வந்த தாளில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. ஃபியூஸ் போகிறது என்று 30 போடுவது பெரிய தப்பு. ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான், ஹாரனை இல்லை.

மற்றவை: பேட்டரிக்கு 6 எம்.எம். ரிங் லக் இரண்டு, 6.3 எம்.எம். ஸ்பேட் லக் பத்து, ஒன்றில் இரண்டு செருகும் இரட்டை லக் இரண்டு, ஹீட் ஷ்ரிங்க் டியூப், சுருக்கமுள்ள கறுப்பு ஸ்லீவ், ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் பத்துப் பதினைந்து, ரப்பர் மூடி போட்ட சின்ன டாகிள் சுவிட்ச் ஒன்று. கருவியில் 10, 12, 13 ஸ்பானர், ஆலன் கீ செட், கிரிம்பிங் பிளையர் (லக்கை ஒயர் மேல் நசுக்கிப் பிடிக்க வைப்பது), மல்டிமீட்டர். மல்டிமீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

எங்கே மாட்டுவது

இடம் பார்ப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஹெட்லைட்டுக்குக் கீழே ஃபோர்க்குகளுக்கு நடுவே, சேஸின் முன் குழாயில், ஃபேரிங் உள்ள வண்டியில் ஃபேரிங்குக்குள் இடப்பக்கம்: பெரும்பாலான வண்டிகளில் இந்த மூன்றில் ஒன்று அமையும். சீட்டுக்கு அடியிலும் பின் மட்கார்டு பக்கமும் இடம் தாராளமாக இருக்கும். ஆனால் முன்னால் போக வேண்டிய சத்தத்தை வண்டியே விழுங்கிவிடும்.

ஃபோர்க் நடுவே மாட்டினால் சஸ்பென்ஷனைக் கணக்கில் எடுக்க வேண்டும். அட்வென்ச்சர் வண்டிகளில் முன் ஃபோர்க் 200 எம்.எம். வரை கீழே இறங்கும். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது தெரியும் இடைவெளி, திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பள்ளத்தில் பிரேக் பிடித்து இறங்கும்போது இருக்காது. மட்கார்டு மேலே வந்து ஹாரனை மோதும், உடைந்த துண்டு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மாட்டும். ஹாரனைத் தற்காலிகமாக டேக் போட்டுக் கட்டி, லக்கேஜ் பெல்ட்டால் ஃபோர்க்கை முழுசாக அமுக்கிக் கட்டிப் பாருங்கள். அந்த நிலையிலேயே ஹேண்டிலை இடமும் வலமும் கடைசி வரை திருப்புங்கள். எங்கேயும் 2 சென்டிமீட்டர் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். கேபிளோ பிரேக் ஹோஸோ ஹாரனில் உரசக் கூடாது.

ரேடியேட்டர் உள்ள வண்டியில் அதன் முகத்தை மறைக்காதீர்கள். மே மாத வெயிலில் மூலக்கடை சிக்னலில் நிற்கும்போது ஃபேன் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். சைலன்சர் வளைவுக் குழாயிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும், ஹாரன் கூடு பிளாஸ்டிக்.

காம்பாக்ட் ஏர் ஹாரனை நிமிர்த்தித்தான் மாட்ட வேண்டும்: மோட்டார் மேலே, குழல் வாய் முன்னும் கீழும் பார்த்தபடி. தாளில் படம் இருக்கும், அது காட்டும் சாய்வுக்கு மேல் போகாதீர்கள். படுக்க வைத்தால் பம்பின் தகடுகள் ஒருபக்கமாகத் தேயும், மழைத் தண்ணீர் வடியாமல் உள்ளே தங்கும். விண்ட்டோனுக்கும் வாய் கீழ்நோக்கித்தான்.

உயரமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் கணேசபுரம் சுரங்கப்பாதையும் கொருக்குப்பேட்டைத் தெருக்களும் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். என்ஜினுக்குக் கீழே பாஷ் பிளேட் பக்கத்தில் மாட்டிய கம்ப்ரஸர் முதல் மழையிலேயே தண்ணீர் குடிக்கும். முன்சக்கர அச்சைவிட மேலே இருப்பது குறைந்தபட்சம்.

பிராக்கெட் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. டிஸ்க் ஹாரனைத் தாங்கும் மெல்லிய பட்டைத் தகடு வேண்டுமென்றே வளைந்து கொடுக்கும்படி செய்தது; ஹாரனோடு சேர்ந்து அது அதிர வேண்டும். அதில் அரைக் கிலோ ஏர் ஹாரனைத் தொங்கவிட்டால் சில நூறு கிலோமீட்டரில் துளைக்குப் பக்கத்தில் விரிசல் விடும். ஏர் ஹாரனுக்கு 3 எம்.எம். இரும்புப் பட்டை அல்லது 5 எம்.எம். அலுமினியம் வெட்டி, 8 எம்.எம். போல்ட்டும் நைலாக் நட்டும் போட்டு ஆடாமல் பிடியுங்கள். துளை போட்ட இடத்தில் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் காற்றுக்குத் திறந்த இரும்பு ஒரு மழைக்காலத்தில் பொரிந்துவிடும்.

ஒயரிங்

ஏன் ரிலே? கம்பெனி ஹாரன் லைன் 0.5 ஸ்கொயர் எம்.எம். பக்கம் இருக்கும் மெல்லிய ஒயர். அதில் போக வர 3 மீட்டருக்கு 18 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே 2 வோல்ட் தொலையும், பட்டன் முனைகளில் இன்னும் கொஞ்சம். 12 வோல்ட் மோட்டாருக்குப் பத்துகூடப் போகாது. ஹாரன் முனகும், ஒயர் சுடும். 2.5 ஸ்கொயர் ஒயரில் அதே நீளத்துக்கு இழப்பு 0.4 வோல்ட்டுக்குள். இன்னொரு ஆபத்து ஃபியூஸ். பல வண்டிகளில் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் ஒரே 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸில் தொங்கும். காரனோடை பாலத்தில் இரவில் ஹாரன் அடித்து, அதே நொடியில் பிரேக் லைட்டும் போனால் பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

ரிலேயில் பட்டன் வெறும் உத்தரவு கொடுக்கும். அதில் ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. பெரிய கரன்ட் பேட்டரியிலிருந்து நேராக ஹாரனுக்குப் போகும்.

பழைய ஹாரனைக் கழற்றாமல், அதோடு சேர்த்து இதையும் இணைக்கும் முறையையே சொல்கிறோம். மூன்று லாபம்: ஊருக்குள் பழைய ஹாரன் மட்டும் அடிக்கலாம், ஏர் ஹாரன் படுத்துவிட்டாலும் ஹாரன் இல்லாமல் நிற்கமாட்டீர்கள், ஹாரன் லைனைக் கண்காணிக்கும் கன்ட்ரோல் யூனிட் உள்ள புதிய வண்டிகளில் பழைய லோடு அப்படியே இருப்பதால் எரர் வராது.

1. சாவியை எடுங்கள். சீட்டைக் கழற்றி, பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். வரிசை மாறி, ஸ்பானர் பாசிட்டிவிலும் சேஸிலும் ஒரே நேரத்தில் பட்டால் பொறி பறக்கும். டேங்கைத் தூக்க வேண்டிய வண்டியில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பாருங்கள்.

2. சிவப்பு மெயின் ஒயர்: பேட்டரி பாசிட்டிவ் ரிங் லக்கிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் ஹோல்டர், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் கால். ஃபியூஸ் இப்போதைக்கு வெளியே. ஃபியூஸுக்கு முந்தைய துண்டு ஒயருக்குக் காப்பே கிடையாது. அது எங்காவது உரசிச் சேஸில் பட்டால் எரிந்தே தீரும், அதனால்தான் அவ்வளவு குட்டையாக.

3. ரிலேயின் 87-ஆம் காலிலிருந்து ஹாரனின் பாசிட்டிவுக்குச் சிவப்பு ஒயர். ஐந்து கால் ரிலே கிடைத்திருந்தால் நடுவில் இருக்கும் 87ஏ-வைத் தொடாதீர்கள். அதில் கொடுத்தால் ஃபியூஸ் போட்ட கணத்திலிருந்து ஹாரன் கத்திக்கொண்டே இருக்கும்.

4. ஹாரனின் நெகட்டிவிலிருந்து கறுப்பு ஒயர் நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு. சேஸ் போல்ட்டில் எர்த் எடுப்பது சுலபம்தான். ஆனால் பெயின்ட்டும் துருவும் நடுவே வரும், 18 ஆம்பியருக்கு அது சரிப்படாது.

5. பழைய ஹாரனின் இரண்டு ஒயரையும் கழற்றி, இரட்டை லக் போட்டுத் திரும்பச் செருகுங்கள். கிடைத்த கூடுதல் முனைகளில் ஒன்றை 0.75 ஒயரால் ரிலேயின் 86-க்கும், மற்றதை டாகிள் சுவிட்ச் வழியாக 85-க்கும் கொண்டுபோங்கள். சில வண்டிகளில் பட்டன் பாசிட்டிவைக் கொடுக்கும், சிலவற்றில் எர்த்தைக் கொடுக்கும். ரெசிஸ்டர் ரிலேயில் எது எப்படி வந்தாலும் கவலையில்லை. டயோடு வைத்த ரிலே என்றால் பொதுவாக 86-க்குப் பாசிட்டிவ் வர வேண்டும், ரிலே மேல் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுத்தால் பட்டனை அழுத்தியதும் வண்டி ஃபியூஸ் போகும். கண்டுபிடிப்பது சுலபம்: இந்த இரண்டு ஒயரையும் ரிலேயில் செருகுவதற்கு முன், மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பேட்டரியைத் திரும்ப இணைத்து, ஹாரன் அடிக்கச் சொல்லிப் பழைய ஹாரனின் முனைகளில் பிடியுங்கள். மைனஸ் காட்டாமல் 12 பக்கம் காட்டினால் சிவப்புக் கம்பி தொட்ட முனையே பாசிட்டிவ். பார்த்து முடித்ததும் பேட்டரியை மறுபடி கழற்றிவிடுங்கள்.

6. டாகிளை இடது கைப்பக்கம், ஹாரன் பட்டனுக்குத் தள்ளி, கையுறையோடு தட்ட முடிகிற இடத்தில் வையுங்கள். ஆஃபில் பழைய ஹாரன் மட்டும், ஆனில் இரண்டும்.

7. ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி, சீட்டுக்கு அடியிலோ ஃபேரிங்குக்குள்ளோ மாட்டுங்கள். தலைகீழாக வைத்தால் சாக்கெட் தண்ணீர்த் தொட்டி.

லக் எல்லாவற்றையும் கிரிம்ப் செய்யுங்கள். சாலிடர் வைத்தால் ஈயம் ஊறிய இடம் கட்டையாகி, அது முடியும் இடத்தில் அதிர்வுக்கு இழைகள் ஒடியும். முறுக்கி டேப் சுற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம். கிரிம்ப் செய்த லக்கைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள்; வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லதாகப் போயிற்று. செருகுவதற்கு முன் முனையில் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூப்பதை அது தள்ளிப்போடும். ஒயரை ஸ்லீவுக்குள் விட்டு, ஹேண்டில் திரும்பும் இடத்தில் கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டுங்கள்.

சோதனை

பேட்டரியை இணைக்கும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசி. ஃபியூஸ் இல்லாமலே சாவி போட்டு, டாகிள் ஆன் செய்து, பட்டனை அழுத்துங்கள். பழைய ஹாரனோடு ரிலேயில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் ஃபியூஸைப் போடுங்கள்.

முழுச் சத்தச் சோதனையைக் குடியிருப்புத் தெருவில் வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் காதை மூடிக்கொள்ளட்டும். ஒரு மீட்டர் தூரத்தில் இது விளையாட்டுச் சத்தமில்லை. என்ஜின் ஐடிலில் ஓட, ஹாரன் முனைகளில் மீட்டரை வைத்து ஓரிரு நொடி அடியுங்கள். 11.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வேலை சுத்தம். குறைந்தால் எங்கே தொலைகிறது என்று தேடலாம்: மீட்டரின் ஒரு கம்பி பேட்டரி பாசிட்டிவில், மறு கம்பி ஹாரன் பாசிட்டிவில் வைத்து அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் ஒரு லக்கோ ஃபியூஸ் ஹோல்டரோ சரியில்லை. நெகட்டிவ் பக்கமும் அப்படியே. இரண்டும் சரியாக இருந்து, பேட்டரி முனையிலேயே வோல்ட் சரிந்தால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. என்ஜின் நின்று சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் காட்டுவது நல்ல பேட்டரி.

ஏர் ஹாரன் பேட்டரியைக் காலி செய்யும் என்ற பயம் தேவையில்லை. 18 ஆம்பியரில் 3 நொடி அடித்தால் செலவு 0.015 ஆம்பியர்-மணி, உங்கள் பேட்டரி 8 அல்லது அதற்கு மேல். அடிக்கும் அந்த ஒரு நொடியில் வோல்ட் சரிவதுதான் பிரச்சினை. பேட்டரி நலிந்திருந்தால் ஹாரன் அடிக்கும்போது ஏபிஎஸ் விளக்கு எரியும், வண்டியின் மீட்டர் அணைந்து எரியும். அப்போது பேட்டரியைப் பாருங்கள், ஹாரனைக் குறை சொல்லாதீர்கள்.

ஓட்டும்போது

ட்ரெய்லரின் இடது உள்பக்கம் எந்த ஹாரனாலும் காப்பாற்ற முடியாத இடம். டி.பி.பி. (திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி) சாலையில் இடது பக்கம் திரும்பும் நீள வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அங்கே நின்று ஹாரன் அடிப்பதைவிடப் பின்தங்குவது மேல். முந்தும்போது, பின்னால் இருக்கும்போதே கண்ணாடியில் டிரைவர் முகம் தெரியும் இடத்துக்கு வந்து ஒரு சின்ன ஹாரன். பிறகு வலது பக்கம் வேகமாகக் கடந்துவிடுங்கள், பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். முன்னால் சைக்கிளோ நடந்து போகிறவரோ இருந்தால் டாகிள் ஆஃப். இந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று சொல்ல முடியாது.

என்ன கெடும்

சத்தம் மங்கினால் முதல் சந்தேகம் தண்ணீர். நாலைந்து முறை சின்னச் சின்னதாக அடித்தால் குழலிலிருந்து வெளியேறும். அப்படியும் சரியாகவில்லை என்றால் கம்ப்ரஸர் காற்று இழுக்கும் துளையைப் பாருங்கள். மணலி, எண்ணூர்ச் சாலைப் புழுதியும் நிலக்கரித் தூளும் ஈரத்தோடு சேர்ந்து அதை அடைத்திருக்கும். காய்ந்த பிரஷால் துடைக்கலாம். உள்ளே எண்ணெய் விடாதீர்கள், புழுதி பசையாகிப் பம்ப் இறுகும். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது ஹாரனைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுங்கள்.

ரிலே ‘டிக்’ அடிக்கிறது, ஹாரன் பேசவில்லை என்றால் ஃபியூஸ், 30-ஆம் கால், ஹாரன் எர்த் என்று வரிசையாகப் பாருங்கள். ‘டிக்’கே இல்லை என்றால் டாகிளும் காயில் ஒயர்களும். ஒவ்வொரு தடவையும் ஃபியூஸ் போகிறது என்றால், ஒயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகு, கம்ப்ரஸர் இறுகிப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இறுகிய மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். தொடர்ந்து பத்து நொடி, பதினைந்து நொடி அடித்துப் பழகியவர்கள் வண்டியில் இது சீக்கிரம் வரும், மோட்டார் அந்தச் சூட்டுக்குச் செய்ததில்லை.

கடைசியாக, பட்டனை விட்ட பிறகும் ஹாரன் நிற்காமல் கத்துவது. மலிவு ரிலேயில் உள்முனைகள் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். சாவியை எடுத்தாலும் நிற்காது, கரன்ட் நேராகப் பேட்டரியிலிருந்து வருகிறது. அதனால்தான் ஃபியூஸ் ஹோல்டரை ஸ்பானர் இல்லாமல் சீட்டைத் தூக்கியதும் கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். ஃபியூஸைப் பிடுங்குங்கள், பழைய ஹாரனோடு வீட்டுக்குப் போங்கள், ரிலேயை மாற்றிய பிறகு ஃபியூஸைத் திரும்பப் போடுங்கள்.